அரைப் புள்ளியைக்கூட விடமாட்டார்கள்!

வாங்க, இந்தக் கோல்ஃப் கிளப்பின் முன்வாசல் வேண்டாம். அங்கே மரப்பலகையில் தங்க எழுத்தில் பழைய கேப்டன்கள் பெயரைத்தான் பார்க்கலாம். நாம் பின்பக்கமாகப் போவோம். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது.

இடம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். நேரம், ஜூன் மாதத்துக் காலை ஐந்தரை. விடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, ஆனால் ஆட வருகிறவர்கள் இன்னும் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது மைதானம் முழுக்கப் புல்வெளிக்காரர்களின் ராஜ்ஜியம். ஒருவர் நீளமான பிரம்பு மாதிரி ஒன்றை வீசி வீசிப் புல்லிலிருந்து பனித்துளியைத் தட்டிவிடுகிறார். இன்னொருவர் இன்றைய குழிகளை வெட்டுகிறார். அதை நின்று பார்க்க வேண்டும் சார்! ஓர் உருளைக் கருவியைத் தரையில் அழுத்தித் திருகி மேலே இழுத்தால், புட்டுக் குழலிலிருந்து புட்டு வருகிற மாதிரி மண்ணும் புல்லுமாக ஒரு கட்டி வந்துவிடுகிறது. அந்தக் கட்டியைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் திணித்து மிதித்துவிட்டால் பழைய குழி இருந்த இடமே தெரியாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். உலகத்தில் எங்கே கோல்ஃப் ஆடினாலும் இதே அளவுதான். இன்று முழுக்க பல பேருடைய தலையெழுத்து அந்த நாலேகால் அங்குலத்துக்குள்தான் இருக்கிறது.

அப்புறம் ஒருவர் மூன்றடி அலுமினியச் சட்டத்தோடு வந்து மண்டி போடுகிறார். பெயர் ஸ்டிம்ப்மீட்டர். சட்டத்தின் ஒரு நுனியில் உள்ள பள்ளத்தில் பந்தை வைத்து, அந்த நுனியை மெல்லத் தூக்குகிறார். பந்து தானாக உருண்டு போகிறது. எத்தனை அடி போனது என்று டேப்பால் அளக்கிறார். மூன்று பந்து இந்தப் பக்கம், மூன்று பந்து அந்தப் பக்கம், பிறகு சராசரி. பத்தடி உருண்டால் புல் நல்ல வேகம். 1935 அமெரிக்க ஓப்பனில் புல்லின் வழுக்கலைக் கண்டு அசந்துபோன எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கிய கருவி இது. இன்று இங்கே ஆட வருகிறவர்களைப் போல ஸ்டிம்ப்சனும் பணத்துக்காக ஆடாத ஓர் அமெச்சூர்தான்!

இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? டிவி கேமரா ஒன்றுகூடக் கிடையாது. கோடிப் பரிசும் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு பட்டியல். ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’.

கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொரு கவுண்டிக்கும் கோல்ஃப் சங்கம் உண்டு. அவற்றில் மூத்தது யார்க்‌ஷயருடையது, பிறந்த வருடம் 1894. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை கவுண்டியின் வெவ்வேறு கிளப்புகளில் நடக்கும் போட்டிகளில் சிலவற்றை ‘கணக்கில் சேரும் போட்டி’ என்று முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் இத்தனையாவது இடத்துக்கு இத்தனை புள்ளி. கவுண்டி சாம்பியன்ஷிப் மாதிரிப் பெரிய போட்டிக்குக் கூடுதல் புள்ளி. சீசன் முடிவில் கூட்டிப் பார்த்தால் முதலிடத்தில் யார் என்று தெரியும். பட்டியல் போடும் விதிகள் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஆனால் அதைப் பார்க்கிறவர்கள் நெஞ்சு படபடப்பதில் மட்டும் வித்தியாசமே இல்லை.

(பெயரைக் கேட்டதும் குழம்ப வேண்டாம். இதே பெயரில் பிரிட்டிஷ் அரச கௌரவம் ஒன்றும் உண்டு. உயிரோடு இருப்பவர்களில் 24 பேருக்குத்தான் உறுப்பினர் இடம். சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2022-இல் கிடைத்தது அது. நம் கோல்ஃப் பட்டியலில் ஏற நோபல் பரிசு வேண்டாம், நேராக அடித்தால் போதும்.)

ஏன் புள்ளி? தொழில்முறை ஆட்டக்காரர்கள் பட்டியலில் அந்தத் தலைவலி இல்லை. ஐரோப்பிய டூர் நெடுங்காலம் தன் ஆர்டர் ஆஃப் மெரிட்டைச் சம்பாதித்த பணத்தை வைத்தே போட்டது. யார் பை கனமோ அவர் மேலே! அமெச்சூர்களுக்கு அந்த வழி இல்லை. 2022-இல் விதியைத் தளர்த்தி, ஹேண்டிகேப் சலுகை (திறமைக்கேற்பச் சில அடிகளைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு) இல்லாத போட்டிகளில் 700 பவுண்டு வரை ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு முன் கடைக் கூப்பனோடு சரி. ஆகவே மானம், மரியாதை, ஊர்ப் பெருமை எல்லாவற்றையும் அளக்க இவர்களுக்கு மிஞ்சியது புள்ளி ஒன்றுதான்.

ஏழு மணி. கார்கள் வர ஆரம்பித்துவிட்டன. டிக்கியைத் திறந்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து ஷூ மாட்டுகிறார்கள். கல்லூரிப் பையன், குழாய் வேலைக்காரர், கணக்கு வாத்தியார் என்று கலந்து கட்டிய கூட்டம். லீவு போட்டுவிட்டு வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவர்தான் மிக சந்தோஷமாக இருப்பார். பேக்கன் ரோல் வாசனை. தேநீர் ஊற்றும் அம்மா எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார். பதறாதீர்கள், நம்மூர் ‘கண்ணு’ மாதிரிதான் அது. பை சுமக்கும் கேடி எல்லாம் கிடையாது, 14 மட்டைகள் வரை போட்ட பையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தானே தள்ள வேண்டும். காலையில் 18 குழி, நடுவில் அவசர சூப், மதியம் இன்னும் 18 குழி. ராத்திரி கால் கெஞ்சும்.

இங்கே வந்து சேர்வதே ஒரு பரீட்சை. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் ஹேண்டிகேப் குறைந்தவர்களுக்கே முதல் உரிமை. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். மிக நல்ல ஆட்டக்காரரின் ஹேண்டிகேப்புக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். ‘பிளஸ் மூன்று’ என்றால் சலுகை வாங்குகிறவர் அல்ல, மூன்று அடிகளைத் திருப்பித் தருகிறவர்! சாதாரண கிளப் போட்டியில் அவர் கடன்காரர். ஆனால் இன்று யாருக்கும் சலுகை இல்லை, அடித்தது அடித்ததுதான்.

சரி, எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருவோம். மதியம் மூன்றரைக்கு மேல் ஸ்கோர் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நிறைய பென்சில், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திய ஓய்வுபெற்ற தொண்டர் ஒருவர். உள்ளே வருகிற ஆட்டக்காரன் வெளியே எவ்வளவு பெரிய புலியாக இருந்தாலும் இங்கே பத்தாம் வகுப்பு மாணவன். ஏனென்றால் அவன் ஸ்கோரை எழுதுவது அவன் அல்ல, கூட ஆடியவன். அதைக் குழி குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் அவன் பொறுப்பு. கூட்டல் தவறினால் கவலை இல்லை, அது கமிட்டியின் வேலை. ஆனால் ஒரு குழியில் அடித்ததைவிடக் குறைவாக எழுதியிருந்து, பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் வெளியேற்றம். அதிகமாக எழுதியிருந்தால் அந்த அதிகமே நிலைக்கும்.

1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு நடந்தது இதுதான். 17-ஆவது குழியில் மூன்றில் முடித்தார், கூட ஆடியவர் நான்கு என்று எழுதிவிட்டார். இவர் பார்க்காமல் கையெழுத்திட்டார். ஓர் அடி கூடியது, சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃப் வாய்ப்புப் போனது. அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு! இந்த அறைக்குள் வருகிறவர்களில் பலருக்கு அந்தக் கதை தெரியும். அதனால்தான் விரலை வைத்து ஒவ்வொரு குழியாக முணுமுணுக்கிறார்கள். சஷ்டி கவசம் சொல்வதைப் போல உதடு மட்டும் அசையும்.

இனி ஆட்டத்தை விடச் சுவாரசியமான பகுதி: புள்ளி பிரிப்பது. இரண்டாம் இடத்துக்கு 40, மூன்றாம் இடத்துக்கு 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இரண்டாம் இடத்தில் சமமாக நின்றால்? பல இடங்களில் இரண்டையும் கூட்டிப் பாதி போடுவார்கள், தலைக்கு 36. ஐந்தாம் இடத்தில் மூன்று பேர் நின்றால் ஐந்து, ஆறு, ஏழாம் இடங்களின் 22, 18, 15-ஐக் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். 18.33! நம் பாட்டிமார் அரைக்கால், மாகாணி வாய்ப்பாடு ஒப்பித்த காலம் ஞாபகம் வருகிறது எனக்கு. கணினி இருக்கிறது, ஆனாலும் தொண்டர் ஒரு தாளில் கையால் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். கதவுக்கு வெளியே நாலைந்து பேர் கைபேசியில் சொந்தமாகக் கணக்குப் போட்டபடி நடக்கிறார்கள். அவனுக்குக் கடைசிக் குழியில் பந்து விழுந்திருந்தால் எனக்கு ஆறு புள்ளி போயிருக்குமே என்று கணக்கில் மகிழ்வதுகூட உண்டு. முகத்தில் காட்ட மாட்டார்கள், ஆங்கிலேயர்கள் அல்லவா! காதுமடல் சிவப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இந்த அரைப் புள்ளிக்கெல்லாம் பலன் உண்டா என்றால், உண்டு. கவுண்டி அணியைத் தேர்ந்தெடுக்கும்போது தேர்வாளர்களின் கண் இந்தப் பட்டியலிலும் விழும். யார்க்‌ஷயரின் சட்டை போட்டுக்கொண்டு லங்காஷயரை எதிர்ப்பது என்றால் சும்மாவா? யார்க்கின் வெள்ளை ரோஜாவும் லங்காஸ்டரின் சிவப்பு ரோஜாவும் 15-ஆம் நூற்றாண்டில் அரியணைக்கு அடித்துக்கொண்ட கணக்கை இன்னும் யாரும் மூடவில்லை.

மைதானங்களும் லேசுப்பட்டவை அல்ல. லீட்ஸ் பக்கத்து மூர்டவுனில்தான் 1929-இல், பிரிட்டிஷ் அணியும் அமெரிக்க அணியும் மோதிய ரைடர் கோப்பை முதன்முறையாகப் பிரிட்டிஷ் மண்ணில் நடந்தது. அடுத்த வீட்டுக்காரர் போல இருக்கும் ஆல்வுட்லி, 1907-இல் அலிஸ்டர் மெக்கென்சி என்ற டாக்டர் வடிவமைத்தது. ஸ்டெதஸ்கோப்பை ஓரம் வைத்துவிட்டுப் போன அந்த மனிதர்தான் பிறகு கோல்ஃப் மேதை பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து, மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா நேஷனல் மைதானத்தைப் படைத்தார். ஷெஃபீல்டு பையன் டேனி வில்லெட் 2016-இல் அதே அகஸ்டாவில் மாஸ்டர்ஸை வென்று, வெற்றியாளரின் பச்சைக் கோட்டை மாட்டினார். இன்னொரு ஷெஃபீல்டுக்காரர் மாட் ஃபிட்ஸ்பாட்ரிக், 2013-இல் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்ற புரூக்லைன் மைதானத்திலேயே 2022-இல் அமெரிக்க ஓப்பனையும் வென்றார். ஆக, ஸ்கோர் அறைக்கு வெளியே நகம் கடிக்கும் அந்தப் பையனைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

குழாய் வேலைக்காரர் எத்தனையாவது இடம் என்று கேட்கிறீர்களா? அவர் முகத்தில் சிரிப்பு. பட்டியலில் ஓரிடம் ஏறிவிட்டால் போதும், அடுத்த வாரம் முழுக்க அடைப்பெடுக்கும் வீடுகளிலெல்லாம் அதே பேச்சுதான்.

லீட்ஸ், ஷெஃபீல்டு பக்கம் உங்களுக்கு மகளோ மருமகனோ இருந்தால், கோடையில் போகும்போது ஒரு கவுண்டி சாம்பியன்ஷிப்பை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் டிக்கெட் இல்லை. குடை எடுத்துக்கொள்ளுங்கள், கைபேசியை அணைத்துவிடுங்கள். ஸ்கோர் அறைக் கதவருகே மட்டும் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள், வகுத்துக்கொண்டிருப்பார்கள்.