கட்டாரியும் கருக்கரிவாளும்: சேகரிப்பின் அரசியல் குறித்து

1

கத்தி சேகரிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வேலை சென்னையில், பூர்வீகம் பாபநாசம் பக்கம். கையால் அடித்த கத்திதான் அவருக்கு வேண்டும். ஆலையில் அச்சு அச்சாக வெட்டி எடுத்ததைத் தொடமாட்டார். பாக்குவெட்டி, பாளை சீவும் அரிவாள், மடக்குக் கத்தி, வீச்சரிவாள் என்று ஒரு சுவர் முழுக்க மாட்டிவைத்திருக்கிறார். சிலவற்றுக்குப் பிடியை மாற்றுவதும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு மான்கொம்புக்கு வழியில்லை என்பதால் எருமைக் கொம்பு, கருங்காலி, பித்தளைப் பூண். "எம்.ஏ. தமிழ் படிச்சிருக்கீங்க. ஒவ்வொண்ணுக்கும் சரியான பேர் எழுதிக் குடுங்க, சீட்டு ஒட்டணும்" என்று சென்ற தை மாதம் கேட்டார்.

அந்த வேலையாகத்தான் அவரைத் திருத்துறைப்பூண்டி பக்கம் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அத்தை நாற்பது வருடம் கதிர் அறுத்தவள். கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவிக் கொடுத்தாள். நண்பர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிடி புதுசு. பல்லு திரும்ப வெட்டினது. இரும்பும் ஏதோ லாரிப் பட்டை. ஒரிஜினல் இல்லீங்களே" என்று திண்ணையில் வைத்துவிட்டார்.

அத்தை சிரித்தாள். "பல்லு வெட்டாம இத்தனை போகம் எப்படி தம்பி அறுக்கிறது?"

நண்பரின் தீர்ப்புக்கும் அத்தையின் கேள்விக்கும் இடையில் கிடப்பதைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

2

நண்பரின் கனவுப் பொருள் ஒரு தஞ்சாவூர்க் கட்டாரி. கட்டாரி மற்றக் குத்துவாள்களைப் போன்றதல்ல. அதன் பிடி அலகுக்குக் குறுக்காக இருக்கும். இணையாக ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே குறுக்குப் பிடிகள். முஷ்டியை மூடிப் பிடித்தால் அலகு முஷ்டிக்கு நேர் முன்னால் நீண்டு நிற்கும். கையால் குத்துவிடும் அசைவே ஆயுதத்தின் அசைவாகிவிடுகிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் தஞ்சைக் கட்டாரிகளில் புறங்கையைக் காக்கப் பாம்புப் படம்போல் வளைந்த ஒரு தகடும் உண்டு. யாளி முகமும் துளை வேலைப்பாடும் கொண்ட அந்தப் பிடிகள் கோயில் சிற்பத்தின் மொழியையே இரும்பில் பேசுகின்றன.

இங்கு கவனிக்க வேண்டியது அலகு. இக்கட்டாரிகள் பலவற்றில் அலகு இங்கே அடிக்கப்பட்டதல்ல. ஐரோப்பிய நீள்வாளின் துண்டு. கடல்வழி வந்த வாள்களை ஒடித்தோ வெட்டியோ குறுக்கி, உள்ளூர்ப் பிடியிலிருந்து நீளும் இரு நாக்குகளுக்கிடையே செருகி, தறையாணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் 1658 வரை போர்த்துக்கீசியரும் அதன்பின் டச்சுக்காரரும், தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரரும் இருந்த கரை இது. அலகு கிடைப்பதில் ஆச்சரியமில்லை. வடக்கே இத்தகைய அலகு கொண்ட வாளுக்கு 'ஃபிரங்கி' என்றே பெயர். நம் ஊரில் அதே சொல் 'பரங்கி'யாகி வெள்ளைக்காரனையும் குறித்தது, பூசணி வகைக் காயொன்றையும் குறித்தது.

இந்தியாவுக்கு வந்த ஐரோப்பிய அலகுகள் சிலவற்றில் 'ஆந்திரேயா ஃபெரரா' என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கும். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய வாள் கொல்லன் ஒருவனின் பெயர் அது. அவன் காலத்திற்குப் பிறகும் ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகளில் அந்தப் பெயரைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள், எழுத்துப் பிழைகளோடும்கூட. பெயர் இங்கே ஆசிரியனைச் சுட்டவில்லை. தரத்தின் குறியாக மட்டும் சுற்றிவருகிறது. 'ஆசிரியனின் மரணம்' பற்றி ரொலான் பார்த் எழுதியது 1967-இல். சோலிங்கன் கொல்லர்கள் அதைச் சில நூற்றாண்டுகள் முன்பே நடைமுறைப்படுத்திவிட்டார்கள். சேகரிப்பாளன் 'அசல்' என்று தேடும் கையொப்பம் பெரும்பாலும் இன்னொருவன் போட்ட கையொப்பம்.

எதிர்த் திசையிலும் இதுவே நடந்தது. தென்னிந்திய உருக்கு 'ஊட்ஸ்' என்ற பெயரில் லண்டன் போயிற்று. ('உக்கு', 'உருக்கு' என்பதன் திரிபு அது என்பார்கள்.) 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் லண்டன் கத்திக்காரர் அந்த உருக்கில் சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் செய்து விற்றார். அதன் இரகசியத்தை அறிய மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து ஆராய்ந்து 1820-இல் முடிவுகளை வெளியிட்டார். ஐரோப்பிய அலகு இங்கே கட்டாரியாயிற்று. நம் உருக்கு அங்கே சவரக்கத்தியாயிற்று. தூய்மையான மூலம் ஒன்று எங்கோ இருந்து பிறகு கலப்படமானது என்னும் கதையாடல் உலோகத்தின் விஷயத்தில் செல்லுபடியாகாது. உருக்கி, வெட்டி, ஒட்டி, மறுபடி உருக்குவதுதான் இரும்பின் வரலாறு.

3

தஞ்சை ஆயுதசாலை எப்படிச் சேகரிப்பாயிற்று? 1855 அக்டோபரில் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கும்பினி அரண்மனையைக் கைப்பற்றியது. தனிச்சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது தவறு என்று ராணி காமாட்சிபாய் வழக்காடினார். இது 'அரசுச் செயல்', நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று 1859-இல் பிரிவி கவுன்சில் கைவிரித்துவிட்டது. 1860-களில் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பொறுக்கியெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்திற்குப் போயின. எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக எடைக்குப் போயிற்று. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வால்ஹவுஸ் 1878-இல் 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ராபர்ட் எல்குட் 2004-இல் வெளியிட்ட இந்து ஆயுதங்கள் பற்றிய நூல் இந்த எச்சங்களைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. இன்று எழும்பூரில் பார்க்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கட்டாரிகள் இருக்கின்றன.

ஆக, கட்டாரியின் 'அரிய' தன்மை பொருளுக்குள் இருந்து வந்ததல்ல. உடைத்து எடைக்குப் போட்டதால் வந்தது. குவியலாகக் கிடந்தபோது அது இரும்பு. குவியல் அழிந்தபின் மிஞ்சியது கலைப்பொருள். ஒரு பொருளைப் பயன்படுத்தலாம் அல்லது உடைமையாக வைத்திருக்கலாம், சேகரிப்பு என்பது பயன்பாட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உடைமை என்று போத்ரியா 1968-இல் வாதிட்டார். பயன்பட்டே தீரவேண்டும் என்ற சுமையிலிருந்து பொருள்களை விடுவிப்பவன் சேகரிப்பாளன் என்பது வால்டர் பெஞ்சமினின் பார்வை. பெஞ்சமினின் கனிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் தஞ்சாவூரிலிருந்து பார்க்கும்போது ஒரு கேள்வி மிஞ்சுகிறது: விடுவிக்கப்படுவது எந்தப் பொருள், யாருடைய கையிலிருந்து?

4

இப்போது அத்தையின் அரிவாளுக்கு வருவோம். 'அரி' என்றால் அறு. அறுத்து வயலில் போட்ட ஒரு கைப்பிடிக் கதிருக்கும் 'அரி' என்றே பெயர். அரிவாள் என்ற சொல்லுக்குள் வாள் இருக்கிறது, அது என்ன செய்கிறது என்பதும் இருக்கிறது. 'கருக்கு' பனைமட்டையின் இரம்பம் போன்ற ஓரம். பாமா 1992-இல் வந்த தன் நூலுக்கு அச்சொல்லைத் தலைப்பாக்கியபோது தலித் வாழ்வின் இருபுறமும் அறுக்கும் கூர்மையை அதில் ஏற்றினார். டெல்டாவில் அச்சொல் அரிவாளின் பல்லாக ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தது.

பல் எதற்கு? நெல் தாளில் சிலிகா மிகுதி. மழமழவென்ற விளிம்பை அது சீக்கிரம் மழுக்கிவிடும், தாளும் வழுக்கும். பல் இருந்தால் இடது கை பிடித்த கதிரை வலது கை தன் பக்கம் இழுக்கும்போது பற்கள் தாளைக் கவ்வி இரம்பமாய் அறுத்துவிடும். பல் சாய்ந்திருக்கும் திசை இழுக்கும் திசை. ஒருபக்கம் மட்டும் சரிவு வைத்து அடிப்பதால், இடதுகைக்காரருக்குச் சரிவை மாற்றித் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும். பிடியும் கைக்குக் கை வேறு. அத்தையின் கை சின்னது; அவள் பிடியைச் சீவிக் குறைத்து, வியர்வையில் நழுவாமலிருக்கப் பழஞ்சேலைக் கிழிசல் சுற்றியிருக்கிறாள்.

செய்முறையைக் கொல்லுப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். லாரியின் கழித்த பட்டையைத் துண்டுபோட்டு, உலையில் காய்ச்சி, தட்டி நீட்டி வளைப்பார்கள். இரும்பு மிருதுவாக இருக்கும்போதே சிற்றுளியால் ஒவ்வொரு பல்லாக வெட்டுவார்கள். பிறகு சூடேற்றித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும். பல் தேய்ந்தால் மறுபடி காய்ச்சி, சாம்பலில் மெதுவாக ஆறவிட்டு, பல் வெட்டி, மீண்டும் தோய்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அலகு கொஞ்சம் ஒடுங்கும். அத்தையின் அரிவாள் மூன்றாம் பிறைபோல் மெலிந்திருப்பது அதனால்தான். அந்த மெலிவு அவள் அறுத்த போகங்களின் கணக்கு. ஏட்டில் எழுதப்படாத கணக்கு.

பழைய ஏற்பாட்டில் இந்த வேலைக்குக் கொல்லருக்குக் காசு கிடையாது. அறுப்பின்போது களத்துமேட்டில் கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கு ஒரு பங்கு நெல் அளப்பார்கள். அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர். அந்தச் சொல் உரிமையைக் குறித்தது. ஆனால் ஊரைவிட்டு நகர முடியாதவனின் உரிமை அது. களத்தில் நெல்லை அளக்கிற மரக்காலைப் பற்றிய தகராறுதான் டெல்டாவின் அரசியல். கதிர் அரிவாளும் சுத்தியல் அரிவாளும் இங்கே ஓட்டுச்சீட்டுச் சின்னங்களாவதற்கு முன்பே கைப்பொருள்கள். கூலியும் சங்கக் கொடியும் காரணமாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கைது செய்யப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கருக்கரிவாளைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் அதன் அழகியலை மட்டும் பேசுவது என்னால் முடியாது.

5

சட்டம் கத்தியை எப்படி வாசிக்கிறது? 1959 ஆயுதச் சட்டம் கூர்முனைக் கருவிகளையும் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று வடிவமைக்கப்பட்டவற்றை விலக்குகிறது. அதன் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுகளைப் பட்டியலிடுகின்றன. அங்கும் வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. அங்குலக் கணக்கு அளவுகோலில் தெரிந்துவிடும். 'எதற்காக வடிவமைக்கப்பட்டது' என்பது இரும்பில் எழுதியிருக்காது. அதை வாசிப்பவர் முடிவு செய்கிறார். நண்பரின் சுவரில் தொங்கும் வீச்சரிவாள் ரசனை. அதே அரிவாள் சேரியில் ஓர் இளைஞன் வீட்டில் இருந்தால் தடயம். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகள் வேட்டை நடத்தியபோது, அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்துவைக்கவும் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும் பட்டறைக்காரர்களிடம் சொன்னது. கொலைகளைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பரம்பரையாக யாரும் பெயர் குறித்துவைக்காத ஒரு தொழிலாளியின் கடை, முதன்முதலாகப் பதிவேட்டுக்குள் வருவது இப்படித்தான் என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

6

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கட்டாரியின் அலகு வேறு, பிடி வேறு, நடுவில் தறையாணி. அதை 'அரிய சேர்க்கை' என்கிறீர்கள். அத்தையின் அரிவாளில் அலகு லாரியிலிருந்து, பிடி வேப்பமரத்திலிருந்து, பல் பலமுறை வெட்டியது. அதை 'ஒரிஜினல் இல்லை' என்கிறீர்கள். இரண்டிலும் நடந்திருப்பது ஒரே காரியம். ஒன்றை மாற்றியமைத்தவன் அரசனுக்காகச் செய்தான், மற்றொன்றை மாற்றியமைத்தவன் அறுப்புக்காரிக்காகச் செய்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் கோபப்படவில்லை. "நான் வாங்காட்டி இதெல்லாம் காயலான் கடைக்குத்தானே போவும்?" என்றார். இதற்கு என்னிடம் உடனடிப் பதிலில்லை. உண்மையும் அதுதான். டெல்டாவில் பெரும்பகுதி அறுப்பு இப்போது இயந்திரத்தின் கையில். கருக்கரிவாளுக்குப் பல் வெட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1860-களில் ஆயுதசாலைக்கு நேர்ந்தது இன்று கூரைகளில் செருகியிருக்கும் அரிவாள்களுக்கு நேர்கிறது. ஆணை போட ஒரு கும்பினி தேவைப்படவில்லை. நானும் ஒன்றும் வெளியே நிற்பவனல்ல. கருக்கு, அரி, சுதந்திரம் என்று அத்தையின் வாயிலிருந்து சொற்களைப் பொறுக்கி இந்தக் கட்டுரையில் மாட்டிவைத்திருப்பதும் சேகரிப்புதான்.

எனவே சேகரிப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சீட்டை மாற்றுங்கள் என்றேன். பெயர், நூற்றாண்டு, நீளம் என்பதோடு நிறுத்தாமல், இரும்பு எதிலிருந்து வந்தது, எத்தனை தடவை பல் வெட்டினார்கள், யார் கை, வலதா இடதா, யார் வயல், என்ன கூலி என்று எழுதலாம். மாற்றங்களைக் குறையாகக் கருதாமல் வரலாறாக எழுதுவது. முடிந்தால் பட்டறைக்காரருக்கு இரண்டு நாள் கூலி கொடுத்து, பல் வெட்டும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பதிவு செய்வது. யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

சீட்டுகளை எழுதி முடித்து, அத்தையின் அரிவாளைக் கேட்டு மறுபடி போனோம். அது கூரையில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் மாட்டுக்குப் புல் அறுக்க வாங்கிக்கொண்டு போயிருந்தாள். "திருப்பிக் குடுத்தா தர்றேன்" என்றாள் அத்தை. "ஆனா பல்லு போயிருக்கும். வெட்டிட்டுத்தான் எடுத்துட்டுப் போவணும்."