எல்லை தாண்டும் கைதாணை

2005 ஜூலை 21ஆம் தேதி லண்டன் சுரங்க ரயில்களில் குண்டு வைக்க முயன்று தோல்வியடைந்தவர்களில் ஒருவர் ரயிலேறித் தப்பி இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தார். எட்டே நாளில் ரோம் நகரில் பிடிபட்டார். செப்டம்பர் 22இல் பிரிட்டன் போலிசார் கையில் இருந்தார். ஆனால், 1995இல் பாரிஸ் ரயில் குண்டுவெடிப்புகள் தொடர்பில் லண்டனில் கைதான வேறொருவரைப் பிரான்சிடம் ஒப்படைக்கப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

இந்த வேகத்துக்குக் காரணம், 2004இல் நடப்புக்கு வந்த ஐரோப்பியக் கைதாணை. முன்பெல்லாம் ஒருவரை ஒப்படைப்பதா வேண்டாமா என்று இறுதியில் அமைச்சரே முடிவெடுப்பார். அதில் அரசியலும் நுழையும். இப்போது ஒரு நாட்டு நீதிமன்றம் இன்னொரு நாட்டு நீதிமன்றத்திடம் நேரடியாகக் கேட்கிறது. பொதுவாக 60 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 32 வகைக் கடுங்குற்றங்களில், “எங்கள் சட்டப்படி இது குற்றமா?” என்ற கேள்விக்கே இடமில்லை.

இதை ஏற்படுத்தியது எளிதாக நடக்கவில்லை. நீதி, உள்நாட்டுப் பாதுகாப்பு விவகாரங்களில் அப்போது 15 உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். 2001 டிசம்பரில் குற்றப் பட்டியல் மிக நீளம் என்று இத்தாலி மட்டும் முரண்டு பிடித்தது. சில நாள் இழுபறிக்குப் பிறகே இறங்கி வந்தது. ஒரே நாடு எல்லாரையும் காக்க வைக்கலாம் என்ற நிலை, 2009இல் லிஸ்பன் உடன்படிக்கையால் பெரும்பாலும் மாறியது. உறுப்பு நாடுகளில் 55 விழுக்காடு, மக்கள்தொகையில் 65 விழுக்காடு இருந்தால் போதும். ஐரோப்பிய நாடாளுமன்றமும் சம்மதிக்க வேண்டும். டென்மார்க் இந்த ஏற்பாட்டிலிருந்து விலகி நிற்கிறது. அயர்லாந்து விரும்பினால் சேர்ந்துகொள்கிறது.

வாக்கெடுப்பால் சட்டம் கொண்டுவரலாம், நம்பிக்கையைக் கொண்டுவர முடியாதே! ஹங்கேரி, ருமேனியா சிறைகளின் நெரிசல் பற்றிய வழக்கில், மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு ஒருவர் ஆளாகும் உண்மையான ஆபத்து இருந்தால் ஒப்படைப்பை ஒத்திவைக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் கூறியது.

2018இல் கட்டலோனியாவின் முன்னாள் தலைவர் பூஜ்டமோன் ஜெர்மனியில் பிடிபட்டார். ஸ்பெயின் அவர்மீது சுமத்திய ‘கிளர்ச்சி’ அந்த 32 வகைகளில் இல்லை. எனவே ஜெர்மன் நீதிமன்றம் தன் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது, பொருந்தவில்லை. பொதுப்பணத்தை முறைகேடாகச் செலவிட்டதற்காக மட்டும் அனுப்பலாம் என்றது. அரைகுறையாக அவரைப் பெற விரும்பாத ஸ்பெயின் நீதிபதி, கைதாணையையே மீட்டுக்கொண்டார்.