காரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கம் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். ஒன்றன் பின் ஒன்றாகக் கார்கள் வந்து நிற்கும். பெரும்பாலான கார்களில் ஒரு பெரியவர், ஒரு மாணவர், அவ்வளவுதான். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். நடந்து வரும் பிள்ளைகள் கார்களின் இடுக்கில் புகுந்து உள்ளே போவார்கள்.

"ஏன் காரில் கொண்டுவந்து விடுகிறீர்கள்?" என்று பெற்றோரைக் கேட்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "சாலையில் இத்தனை வண்டிகள் பறக்கின்றனவே! பிள்ளையை எப்படித் தனியாக நடந்து போகச் சொல்வது?" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் நன்றாக யோசியுங்கள். அவர் கொண்டுவந்த காரும் அந்த இத்தனை வண்டிகளில் ஒன்று அல்லவா? அதைப் பார்த்துப் பயந்து பக்கத்து வீட்டுக்காரரும் காரை எடுக்கிறார். பயத்தால் கார் கூடுகிறது; கார் கூடுவதால் பயம் கூடுகிறது!

இந்தச் சுற்றில் இருந்து வெளியே வர முடியுமா? காரை விட்டுவிட்டு மக்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் போக முடியுமா? வாருங்கள், நம் ஊரிலேயே விடை தேடுவோம்.

முதலில் ஒரு கணக்கு

நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ்ஸில் 40 பேர் உட்கார்ந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 பேரும் காருக்கு 2 பேர் வீதம் போனால் எத்தனை கார் வேண்டும்? 20 கார்.

ஒரு காரின் நீளம் சுமார் 4 மீட்டர். நெரிசலில் நிற்கும்போது முன்னால் 2 மீட்டர் இடைவெளி விட்டால், ஒரு காருக்கு 6 மீட்டர் சாலை தேவை. 20 கார்களுக்கு 120 மீட்டர்! உங்கள் பள்ளியின் நூறு மீட்டர் ஓட்டப் பந்தயப் பாதையைவிட நீளம். பஸ்ஸோ சுமார் 12 மீட்டர் நீளம். இடைவெளியோடு சேர்த்து 14 மீட்டர். அதே 40 பேர்தான். கார்களுக்குத் தேவைப்படும் சாலை மட்டும் எட்டு மடங்குக்கு மேல்.

"மின்சாரக் கார் வந்துவிட்டதே, புகையே இல்லையே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. சாலையில் புகை குறையும் என்பது உண்மை. ஆனால் மின்சாரக் காரும் அதே 4 மீட்டர் நீளம்தானே? நெரிசலில் அதுவும் மற்ற கார்களோடு சேர்ந்து நிற்கத்தான் வேண்டும்.

கார் நுழையாத கடைத்தெரு

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? தீபாவளி சமயத்தில் அங்கே நாம் நடக்கவே வேண்டாம். கூட்டமே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தக் கூட்டத்துக்குள் கார் ஓட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் இறங்க யாராலும் முடியாது. ஆனாலும் பாத்திரம், துணி, நகை, பூ என்று வியாபாரம் களைகட்டுகிறது.

அத்தனை பேரும் எப்படி வருகிறார்கள்? மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரே ரங்கநாதன் தெரு! கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 ஆம் ஆண்டில். தலைமுறை தலைமுறையாக இந்தக் கடைத்தெருவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த ரயில்தான். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் வழி உண்டு. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. அதன் நீளம் அரை கிலோமீட்டருக்கும் அதிகம். கீழே நெரிசல் எப்படி இருந்தாலும் மேலே நிம்மதியாக நடந்து போகலாம்.

மயிலாப்பூரிலும் இப்படி ஓர் அதிசயம் ஆண்டுதோறும் நடக்கிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், கபாலீசுவரர் கோயிலில் அறுபத்து மூவர் விழா. நாயன்மார்களின் திருவுருவங்கள் மாட வீதிகளில் பவனி வரும். அன்று அந்த வீதிகளில் வண்டிகளுக்கு இடமில்லை, போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். வீதி நிறையத் தலைகள். வழியெங்கும் நீர்மோர், பானகம். கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் வந்துவிடுகிறார்கள். பறக்கும் ரயிலில், பஸ்ஸில், நடந்து!

ஆக, நல்ல வழி இருந்தால் கார் இல்லாமலும் மக்கள் வருவார்கள் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான்.

பாண்டி பஜார் மாறியது எப்படி?

பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாண்டி பஜாரில் முன்பெல்லாம் நடைபாதை குறுகல். சாலை ஓரத்தில் வண்டிகள் நெருக்கி நிற்கும். நடந்து போகிறவர் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பிறகு சீர்மிகு நகரத் திட்டத்தில் அந்தச் சாலையை மாற்றினார்கள். வண்டிகள் போகும் பாதை குறைந்தது, நடைபாதை அகலமானது. உட்கார இருக்கைகள், குழந்தைகள் விளையாட இடம் எல்லாம் வந்தன. 2019 நவம்பர் 13 அன்று அந்த நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அகலமான நடைபாதையைப் பார்த்ததும் அதன் மேல் பைக்கை ஏற்றி நிறுத்துகிறவர்கள் வந்துவிட்டார்கள். பராமரிப்பு போதவில்லை என்ற புகார்களும் வந்தன. கட்டினால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும்.

இதற்கு முன்பே, 2014 அக்டோபரில், சென்னை மாநகராட்சி ஒரு நல்ல கொள்கையை ஏற்றுக்கொண்டது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் தர வேண்டும், அதற்கான வசதிகளுக்குப் போக்குவரத்துப் பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்பது அந்தக் கொள்கை. அதே மாதத்தில்தான் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் 'கார் இல்லா ஞாயிறு' தொடங்கியது. ஞாயிறு காலையில் சில மணி நேரம் அந்தச் சாலை முழுவதும் சிறுவர்கள் வசமானது. சைக்கிள், ஸ்கேட்டிங், பந்து விளையாட்டு என்று ஒரே கொண்டாட்டம்!

நம் கையில் என்னென்ன இருக்கின்றன?

சென்னையில் ஒரு காலத்தில் டிராம் ஓடியது தெரியுமா? சாலையிலேயே தண்டவாளம் பதித்து, 1895 ஆம் ஆண்டில் மின்சார டிராம் வண்டியை ஓட்டினார்கள். இந்தியாவில் மின்சார டிராம் ஓடிய முதல் நகரம் நம் சென்னைதான். நடத்திய நிறுவனம் நஷ்டத்தில் விழுந்ததால் 1953 ஆம் ஆண்டில் டிராம் நின்றுபோனது.

ஆனால் பிறகு வந்தவை ஏராளம். பறக்கும் ரயில் 1995 ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997 ஆம் ஆண்டில் மயிலாப்பூருக்கும், 2004 ஆம் ஆண்டில் திருவான்மியூருக்கும், 2007 ஆம் ஆண்டில் வேளச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. மெட்ரோ ரயில் 2015 ஜூன் மாதம் கோயம்பேட்டில் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டத்தில் மயிலாப்பூர், அடையாறு, பனகல் பூங்கா ஆகிய மூன்று இடங்களுமே இருக்கின்றன.

பஸ்ஸை மறந்துவிடலாமா? பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸை மயிலாப்பூர், அடையாறு குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. 2021 மே மாதத்தில் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே செல்போன் செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதியும் வந்தது.

சைக்கிள்? கபாலீசுவரர் கோயில் குளத்திலிருந்து பனகல் பூங்கா சுமார் 5 கிலோமீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் எத்தனை நிமிடம் ஆகும்? கணக்குப் போடுங்கள். சரி, 25 நிமிடம்! மாலை நெரிசலில் காருக்குப் பல நாள் இதைவிட அதிக நேரம் ஆகிறது.

சிறுவர்கள் கேட்டார்கள், தெரு கிடைத்தது

நெதர்லாந்து என்ற சிறிய நாட்டில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். அவர்கள் எப்போதுமே அப்படித்தான் என்று நினைக்கிறீர்களா? கிடையாது. 1950, 60களில் அங்கும் கார்கள் பெருகின. சைக்கிள்கள் ஓரம் தள்ளப்பட்டன. 1971 ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். நாடே கலங்கியது. பெற்றோர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகரின் ஒரு நெருக்கமான பேட்டையில் 1972 ஆம் ஆண்டில் உங்கள் வயதுச் சிறுவர்களே களத்தில் இறங்கினார்கள். "விளையாட இடமில்லை, தெருவில் கார் விடாதீர்கள்" என்று கையெழுத்து வாங்கினார்கள். தெருவை மறித்து விளையாடினார்கள். கோபப்பட்ட பெரியவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. 1973 நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாடு முழுவதும் கார் ஓட்டத் தடை போட்டார்கள். வெறும் சாலையில் மக்கள் சைக்கிள் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு படிப்படியாகச் சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் வந்தன.

நம் தமிழ்நாட்டிலும் சைக்கிள் ஒரு சரித்திரம் படைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் இருவர் அல்ல, பல்லாயிரம் பேர்! தண்ணீர் எடுக்கவும், வேலைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் யார் தயவையும் எதிர்பார்க்காமல் கிளம்பினார்கள். 2001-02 கல்வியாண்டில் மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் அது விரிந்தது. சைக்கிள் என்றால் கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் காரே வேண்டாமா?

வேண்டும். முழங்கால் வலிக்கும் தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். நடக்க இயலாதவர்கள் வெளியே போக வேண்டும். அடைமழையில், நடுராத்திரியில், மூட்டை முடிச்சுகளோடு ஊருக்குக் கிளம்பும்போது கார் தேவைதான். நாம் கேட்பது வேறு. பால் வாங்கவும், டியூஷன் போகவும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்குப் போகவும் கார் தேவையா? அந்தச் சின்னச் சின்னப் பயணங்களை மற்றவர்கள் விட்டுக்கொடுத்தால், உண்மையில் கார் தேவைப்படும் தாத்தாவுக்குச் சாலை கிடைக்கும். ஆம்புலன்ஸுக்கும் வழி கிடைக்கும்.

ஆனால் மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பஸ் அடிக்கடி வர வேண்டும். அதில் படியில் தொங்காமல் ஏற இடம் இருக்க வேண்டும். நடைபாதை உடையாமல் இருக்க வேண்டும். சைக்கிளுக்குப் பாதுகாப்பான வழி வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பயமில்லாமல் போகக்கூடிய சாலை இருந்தால், அந்தப் பிள்ளையின் அம்மா காரை எடுக்கவே மாட்டார். முதலில் சாலை மாறட்டும். கார் தானாகக் குறையும்.

நீங்கள் செய்ய வேண்டியது

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். அதை உங்களுக்கும் தருகிறேன். வீட்டு மாடியிலோ பால்கனியிலோ பெரியவர் ஒருவரோடு நின்று, 10 நிமிடம் தெருவைக் கவனியுங்கள். எத்தனை கார், எத்தனை பைக், எத்தனை சைக்கிள், எத்தனை பேர் நடந்து போனார்கள் என்று குறியுங்கள். ஒவ்வொரு காரிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு, நடக்கிறவர்களுக்கு எத்தனை அடி இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பள்ளிக்குப் போகும் வழியில் நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, சாலையைக் கடக்க எங்கே கஷ்டம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பு நண்பர்கள் எல்லோருடைய குறிப்புகளையும் சேர்த்து, உங்கள் வார்டு மாமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொண்டு அனுப்புங்கள்.

அப்பா, அம்மாவிடமும் பேசிப் பாருங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் காரை வீட்டில் விட்டுவிட்டு, எல்லோரும் பஸ்ஸிலோ ரயிலிலோ போகலாமா என்று கேளுங்கள். சைக்கிள் எடுப்பதாக இருந்தால் பெரியவர்களின் அனுமதியோடு எடுங்கள், பிரேக்கைச் சோதியுங்கள், ஹெல்மெட் அணியுங்கள், பெரிய சாலைகளில் தனியாக இறங்காதீர்கள்.

எந்த நாளைத் தேர்ந்தெடுத்தீர்கள்? பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்ததா? வெளியே என்னவெல்லாம் பார்த்தீர்கள்? மறக்காமல் நோட்டில் எழுதி வையுங்கள், செல்லங்களே!