ஜாக்கெட் இறுக்குதா? 45 தாண்டிய பெண்களே, உஷார்!

"தைச்சு ஆறு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள ஜாக்கெட் இறுக்குதே!"

தையற்கடைகளில் இது வழக்கமான சண்டை. ஆனால் குற்றவாளி தையற்காரர் அல்ல!

ஹார்மோன் செய்யும் வேலை

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அப்போது "ஈஸ்ட்ரோஜன்" ஹார்மோன் குறைகிறது. அதுவரை தொடைப் பக்கம் சேர்ந்த கொழுப்பு, இனி வயிற்றில் சேருகிறது. வயது ஏற ஏறத் தசையும் குறைகிறது. சாப்பாடு பழைய அளவு, செலவு கம்மி. மிச்சமெல்லாம் தொப்பை!

டேப் எடுங்கள்

வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ. (சுமார் 31½ அங்குலம்) தாண்டினால் ஆபத்து. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடும். பட்டினி வேண்டாம். சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, கீரையைக் கூட்டுங்கள். வாரம் 5 நாள், அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

மறைக்காதீர்கள்!

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தம் பட்டால், "திரும்ப வந்துடுச்சு" என்று சும்மா இருக்கக்கூடாது. பெரும்பாலும் சாதாரணக் கோளாறுதான். சிலருக்கு மட்டும் அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. உடம்பு பருத்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்தலாம்.

வெட்கப்பட்டு மூடி வைத்தால் நோய் முற்றும். ஒரு சொட்டு என்றாலும் உடனே டாக்டரிடம் போங்கள்!