கொரங்காட்டுப் பட்டை

காங்கேயத்துக் கொரங்காடுகள் எனும் மேய்ச்சல் நிலங்களில் முள்ளுக்கிளுவை வேலிக்குள், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே வெளுத்த பட்டையோடு நிற்கும் வெள்வேலத்தை, மாட்டுக்கு நெற்றும் நிழலும் தரும் மரமாகத்தான் இன்று பார்க்கிறோம். ஆங்கிலத்தில் அதன் பெயரோ 'சாராயம் வடிப்பவரின் வேலமரம்'. பெயர் சும்மா வரவில்லை. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, இந்தப் பட்டையை நைத்துப் போட்டு, சில நாள் ஊறவிட்டுக் காய்ச்சினால் பட்டைச் சாராயம். பட்டையின் துவர்ப்பு, ஊறலைக் கலக்கும் புரதத்தைத் திரட்டி அடியில் இறக்கிவிடும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும், ஆல்கஹாலுக்கு 78 போதும். அதனால் முதலில் எழும் ஆவியில் சரக்கு மிகுதி. அதைக் குளிரவைத்துப் பிடிக்க அடுக்குப் பானையும் பச்சைத் தண்ணீரும் இருந்தால் ஆயிற்று.

இதை அமெரிக்க எல்லைப்புற விஸ்கியோடு ஒப்பிடலாமா? மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு குதிரை மலை தாண்டித் தானியமாகச் சுமந்தது 4 புஷல்தான். விஸ்கியாக வடித்துவிட்டால் 24 புஷலின் மதிப்பை ஏற்றலாம். கொங்கில் அந்தக் கணக்கே எழவில்லை என்று மறுத்தால், மறுப்பு நியாயமானது. கம்பும் சோளமும் இங்கே வயிற்றுக்கு. வெல்லமோ கெடாமல் வண்டியேறிவிடும். ஒற்றுமை பிறப்பில் இல்லை, வரியில் இருக்கிறது. அங்கே 1791-ல் வந்த விஸ்கி வரியைப் பெரிய வடிப்பாலைக்காரர் கேலனுக்குக் குறைவாகக் கட்டித் தப்பினார்; சிறு குடியானவர் மாட்டிக்கொண்டார். 1794-ல் கலகம் மூண்டு, அதை அடக்க வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேரைத் திரட்டினார். இங்கே 1886-ன் சென்னை ஆப்காரிச் சட்டம், காய்ச்சவும் விற்கவும், கள்ளுக்குப் பாளை சீவவும்கூட உரிமம் கேட்டது. வடிப்பு மெல்ல மெல்லச் சில பெரிய ஆலைகளுக்குள் ஒதுங்கியது. ஆலைக்கு ஒரு பூட்டும் ஒரு அதிகாரியும் போதும். ஊர் ஊராக அடுப்பைத் தேடி யார் அலைவது?

அடுப்பை அணைத்தது வரியல்ல, மதுவிலக்குதான் என்பார்கள். ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றது 1921-ல். ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது 1937 அக்டோபர் 1-ல். இரண்டுமே பெரிய காரியங்கள்தாம். ஆனால் அவை மூடியது கடையை. ஊர் அடுப்பு சட்டத்துக்குப் புறம்பாகி அப்போதே ஒரு தலைமுறை கடந்திருந்தது. மதுவிலக்கும் வரிக்கணக்கைத் தாண்டிப் போய்விடவில்லை: இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. விஷச்சாராயச் சாவுகளைக் காட்டி, ஊறல் என்றாலே நஞ்சு என்று சொல்வதும் சரியல்ல. 2024-ல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்தது மெத்தனால்; அது தொழிற்சாலை ரசாயனம், வெல்ல ஊறலில் அந்த அளவுக்கு விளைவதல்ல.

மதுவிலக்கு விலகிய பின், 1983-ல் அரசின் மது விற்பனை நிறுவனமாக டாஸ்மாக் வந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தியாவில் மலிவு விலையில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதிக்கு அடிப்படை பார்லியல்ல, சர்க்கரை ஆலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட். மேலே நிறமும் மணமும் சேர்க்கிறார்கள். கரும்பு வழியில் பார்த்தால் அது பட்டைச் சாராயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, பட்டை மட்டும் இல்லாமல்.