“ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லிவிடாதீர்கள்!



கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்குப் பயணம் செய்தவர்கள் யாவரும் லோயர் கேம்ப்பை அறிவார்கள். சமவெளி முடிந்து மலைப்பாதை தொடங்கும் இடம் அது. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, பெருங்குழாய்களில் சரிந்திறங்கி, அங்குள்ள மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு நம் வயல்களுக்கு வருகிறது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒருபுறம் அந்தக் குழாய்கள். மறுபுறம் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து இறங்கும் வாகனங்கள்.

2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதியினரின் வாகனம் இந்தப் பாதையில் நிலை தவறிப் பள்ளத்தில் பாய்ந்து, அந்தக் குழாயின் மீது விழுந்தது. எட்டு உயிர்கள் பிரிந்தன. மாவட்டமே கலங்கியது. இத்தகைய பெரும் விபத்து நிகழ்ந்தால் காவலர் வருவர், ஆம்புலன்ஸ் வரும், செய்தித்தாள் எழுதும்.

நான் எழுத வந்தது அத்தகைய விபத்தைப் பற்றியன்று. எந்தச் செய்தித்தாளிலும் வராத சிறு மோதல்களைப் பற்றியே எழுதுகிறேன். ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்துகிறார். கார் பாறைச் சுவரில் இலேசாக உரசி நிற்கிறது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி, ஆடையைத் தட்டிக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை” என்று கூறி மீண்டும் ஏறிக்கொள்கிறார்கள். இறைவனைப் புகழ்ந்தது சரியே. ஆனால் “ஒன்றும் ஆகவில்லை” என்று தீர்ப்பளிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

எங்கள் மதரஸாவுக்கு அருகில் ஒரு பெரியவர் வசிக்கிறார். எழுபதைக் கடந்தவர். மகளின் வீட்டுக்குக் குமுளி சென்று காரில் திரும்புகையில், வளைவு ஒன்றில் ஓட்டுநர் பிரேக் போட, முன்னிருக்கையின் முதுகில் நெற்றி மோதியது. இரத்தம் இல்லை, சிறு புடைப்பு மட்டுமே. வீட்டார் தைலம் தடவினார்கள். மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்கு வழக்கம்போல் வந்துவிட்டார். மூன்று வாரங்கள் சென்றன. “ஸஜ்தாவில் குனிந்தால் தலை கனக்கிறது தம்பி” என்றார். பின்னர் ரக்அத் கணக்குத் தவறத் தொடங்கியது. நடக்கும்போது இடது கால் செருப்பு மட்டும் கழன்று விழும். அவருக்கு அது தெரியாது. “அத்தாவுக்கு வயதாகிவிட்டது” என்று பிள்ளைகள் கூறினார்கள். என்னிடம் கேட்டபோது நானும் அவ்வாறே கூறினேன். அதை நினைத்தால் இப்போதும் என் மனம் கூசுகிறது.

ஒரு நாள் காலை அவரால் எழுந்திருக்க இயலவில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே பழைய இரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. “தலையில் எப்போது அடிபட்டது?” என்பதே மருத்துவரின் முதற்கேள்வி. வீட்டாருக்கு நினைவுக்கு வரவே நெடுநேரம் ஆயிற்று.

முதுமையில் மூளை சற்றுச் சுருங்குகிறது. அதனால் மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே பாலம்போல் ஓடும் மெல்லிய இரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறு அதிர்ச்சியே அவற்றைக் கிழித்துவிடும். இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் தேங்கி, பின்னரே தன் வேலையைக் காட்டும். இதய நோய்க்காக இரத்தத்தை உறையவிடாத மாத்திரை உண்பவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் மிகுதி. நம் வீடுகளில் அத்தகைய மாத்திரை உண்ணாத முதியவர்கள் எத்தனை பேர்?

இளையவர்களுக்கு ஏற்படுவது வேறு வகை. காதுக்கு முன்னே, பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு தமனி ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு கீறினால் தமனியும் கிழியக்கூடும். அடிபட்டவர் சிறிது நேரம் மயங்கி, பிறகு தெளிந்து, நன்றாகவே பேசுவார். அந்தத் தெளிவு சில நிமிடங்கள் நீடிக்கலாம். சில மணி நேரமும் நீடிக்கலாம். அதன்பின் தலைவலி, வாந்தி, உறக்கம். பிறகு விழிக்காமலே போய்விடலாம். இடையில் வரும் அந்தத் தெளிவுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் மாதம் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்தார். தமக்கு ஒன்றுமில்லை என்று கூறி, முதலில் வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார். இரண்டே நாளில் மரணமடைந்தார். விழுந்தது பனியிலா, சாலையிலா என்ற வேறுபாடு மூளைக்குத் தெரியாது.

வாகன மோதல் என்பது உண்மையில் ஒன்றன்று, மூன்று. வாகனம் தடையில் மோதுவது முதலாவது. உள்ளே இருக்கும் உடல், அதே வேகத்தில் முன்னே பாய்ந்து இருக்கையிலோ ஸ்டியரிங்கிலோ மோதுவது இரண்டாவது. உடல் நின்ற பின்னரும் உள்ளுறுப்புகள் முன்னோக்கி நகர்ந்து எலும்புக் கூட்டில் மோதுவதும், தம்மைப் பிணைத்திருக்கும் நாளங்களை இழுத்துக் கிழிப்பதும் மூன்றாவது. இந்த மூன்றாவது மோதலைக் கண்டவர் எவருமில்லை. தோலில் கீறல்கூட இல்லாமல் உள்ளே ஈரல் பிளந்திருக்கலாம்.

இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2014 ஜூன் 3 அன்று அதிகாலை, மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே டில்லியில் விமான நிலையத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். அவருடைய கார் மீது மற்றொரு கார் மோதியது. அவர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். இருக்கைப் பட்டை அணியவில்லை. வெளியே பெருங்காயம் எதுவும் தென்படவில்லை. தண்ணீர் கேட்டார், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி கூறினார். எய்ம்ஸ் மருத்துவர்கள் எவ்வளவோ முயன்றும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. கல்லீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்திருந்தது, கழுத்தெலும்பிலும் காயம். அதற்கும் முன், 1997 ஆகஸ்ட் 31 அன்று, பாரீஸ் சுரங்கப்பாதையில் விபத்துக்குள்ளான இளவரசி டயானாவும் மோதலுக்குப் பின் உயிருடன் இருந்தார், பேசவும் செய்தார். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் ஒரு நாளத்தில் ஏற்பட்ட கிழிசல் சில மணி நேரத்தில் அவருடைய உயிரைப் பறித்தது. அமைச்சருக்கும் இளவரசிக்கும் நேர்ந்தது நம் வீட்டாருக்கு நேராது என்பதற்கு உத்தரவாதம் உண்டா?

வயிற்றில் மிகவும் வஞ்சகமான உறுப்பு மண்ணீரல். இடப்பக்கத்து விலா எலும்புகளின் கீழே இருக்கிறது. அடிபட்டவுடன் அது உடையாமல், உறைக்குள்ளேயே இரத்தம் கட்டிக்கொள்வது உண்டு. நாட்கள் கழித்து, சிலருக்கு வாரங்கள் கழித்தும், அந்த உறை வெடிக்கிறது. விந்தை என்னவென்றால், வலி சில வேளை வயிற்றில் தோன்றாமல் இடது தோளில் தோன்றும். நாமோ தோள் சுளுக்கு என்று கருதி எண்ணெய் போட்டு உருவுகிறோம். குடலில் ஏற்படும் சிறு கிழிசலும் இவ்வாறே. முதல் நாள் அமைதியாக இருந்து, மறுநாள் வயிறு பலகைபோல் இறுகி, காய்ச்சல் காணும்போதுதான் வெளிப்படும். நெஞ்சில் அடிபட்டவர்களுக்கு நுரையீரல் கன்றி, ஓரிரு நாளில் மூச்சுத் திணறல் மிகுவதுண்டு. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. உள்ளே இரத்தம் கசிந்தாலும் பிள்ளையின் இரத்த அழுத்தம் நெடுநேரம் சரியாகவே காட்டும். பின்னர் திடீரென்று சரிந்துவிடும். ஓடியாடும் பிள்ளை ஒரு மூலையில் சுருண்டு படுத்தாலே எச்சரிக்கையாகுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு செய்தி. சற்று வெளிப்படையாகவே கூறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருக்கைப் பட்டை இறுக்கிய தடம் அடிவயிற்றில் நீலமாகக் கன்றியிருந்தால், உள்ளே காயம் இருக்கலாம் என்பதற்கு அது முக்கியமான அடையாளம். அந்த இடம் ஆடைக்குள் மறைந்திருப்பது. கணவரிடமும் கூறாமல், மருத்துவரிடமும் காட்டாமல், வெந்நீர் ஒத்தடத்துடன் நிறுத்திக்கொள்ளும் பெண்கள் நம்மில் உண்டு. நாணம் ஈமானின் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன்தான் நான். ஆயினும் பெண் மருத்துவர் கிடைக்காத அவசர வேளையில், ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நோயுற்றவருக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை தந்த மார்க்கம் இது. விபத்துக்குப் பின்னும் நோன்பை விடமாட்டேன் என்று மருந்தை மறுப்பது பேணுதல் ஆகாது.

கர்ப்பிணிகள் எனில் தாமதமே கூடாது. தாய்க்குச் சிறிதும் வலி இல்லாதபோதும், அதிர்ச்சியால் நஞ்சுக்கொடி கருப்பையின் சுவரிலிருந்து பிரியக்கூடும். ஐந்து மாதம் கடந்தவராயின், மோதல் எத்தனை சிறியதாயினும், குறைந்தது நான்கு மணி நேரமாவது மருத்துவமனையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டும். தாயின் இரத்த வகை நெகடிவ் எனில் 72 மணி நேரத்துக்குள் ஊசி ஒன்று போட வேண்டியிருக்கும். அதை மறவாமல் கேளுங்கள். பட்டை அணிந்தால் குழந்தைக்கு ஆகாது என்பது தவறான எண்ணம். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அன்று, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மீது படியவேண்டும், அவ்வளவே.

அதிகாலையில் லோயர் கேம்ப் சாலையில் நின்று பாருங்கள். கூடலூர், கம்பம் பகுதிகளிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகள், பெண்களை நெருக்கி அடைத்துக்கொண்டு மலையேறும். அவர்களுக்கு ஏது இருக்கைப் பட்டை! வளைவில் ஒரு குலுக்கல். தலை கம்பியில் இடிக்கிறது. தேய்த்துக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார்கள். மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். இவர்களிடம் ஓய்வெடுங்கள் என்று உபதேசிப்பது எளிது. தலைவலி மாறாமல் வளர்ந்தால், இரண்டாம் முறை வாந்தி எடுத்தால், பேச்சுக் குழறினால், ஒரு கையோ காலோ வலுவிழந்தால், காதிலோ மூக்கிலோ நீர் போன்று வடிந்தால், சிறுநீரில் இரத்தம் கண்டால், அதற்குமேல் ஒரு மணி நேரமும் பொறுக்கக்கூடாது என்பதையாவது பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்மணி அறிந்திருக்க வேண்டும். அடிபட்டவர் தாமே அறியமாட்டார்; கூட இருப்பவர்தான் அறிவார். ஆகையால் முதல் இரவு அவரைத் தனியே உறங்கவிடாதீர்கள். இடையிடையே எழுப்பிப் பெயரையும் ஊரையும் கேளுங்கள். வலி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்து அறிகுறியை மறைக்காதீர்கள். கழுத்து வலிக்கிறது என்பவரின் கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுக்காதீர்கள். சோடாவும் தேநீரும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறே நல்லது.

செலவை நினைத்துத் தயங்குகிறோம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயமுற்ற எவருக்கும், எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்திலும் ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை ஏழு நாள் சிகிச்சை உண்டு. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பத்தில் அரசு மருத்துவமனை உள்ளது. பெரிய சிகிச்சைக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. லோயர் கேம்ப்பிலிருந்து அது ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். மூளையில் இரத்தம் கசியும் ஒருவருக்கு அந்தத் தொலைவு மிக நீண்டது. விடியட்டும் பார்க்கலாம் என்று தாமதிக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

சாலையோரத்தில் ஆயிரமோ இரண்டாயிரமோ பெற்றுக்கொண்டு சமாதானமாகப் போய்விடுவது நம் ஊர் வழக்கம். சமாதானம் நல்லதுதான். ஆயினும் முதலில் மருத்துவமனைக்குச் சென்று, விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து நோய் வெளிப்படும்போது, அன்று அடிபட்டது என்பதற்கு வேறு என்ன ஆதாரம் இருக்கும்?

நான் குறிப்பிட்ட அந்தப் பெரியவருக்கு, மண்டையோட்டில் இரு துளைகள் இட்டுத் தேங்கிய இரத்தத்தை வெளியேற்றினார்கள். இறையருளால் இரண்டு மாதத்தில் பள்ளிவாசலுக்குத் திரும்பினார். தொப்பியைக் கழற்றி அந்தத் தழும்புகளை எங்கள் மதரஸாப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை. இப்போது அவர் உண்ணும் மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி, மகன் அவருடைய சட்டைப் பையில் வைத்திருக்கிறார். குமுளிக்குச் செல்லும்போது காரில் ஏறியதும் பட்டையைத் தேடுகிறார். அது இருக்கைக்கடியில் சிக்கியிருந்தால் வண்டியை எடுக்க விடுவதில்லை.