இறங்கச் சொன்னது யார்?

கொல்கத்தா விமான நிலையம், 2012 பிப்ரவரி 19. கோவா செல்லும் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார் ஜீஜா கோஷ். பணியாளர்கள் வந்து போர்டிங் பாஸைக் கேட்டு வாங்கினார்கள். பிறகு இறங்கச் சொன்னார்கள். கோவாவில் மாநாடு இருக்கிறது, போயே ஆக வேண்டும் என்று அவர் எடுத்துச் சொல்லியும் பலனில்லை. அவரது பெட்டியும் இறக்கப்பட்டது. விமானம் அவர் இல்லாமலே கிளம்பியது.

கோஷ் செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் கொண்டவர். கொல்கத்தாவில் இதே பாதிப்பு உள்ளவர்களுக்கான நிறுவனம் ஒன்றில் பொறுப்பான பதவி வகித்தவர். அவர் கலந்துகொள்ளவிருந்த கோவா மாநாடு மாற்றுத் திறனாளிகள் பற்றியது. அவரை இறக்கும்படி வற்புறுத்தியது விமானி என்பது பிறகுதான் அவருக்குத் தெரிய வந்தது.

இத்தனைக்கும், இதைத் தடுக்கும் விதி அப்போதே இருந்தது. உடல் குறைபாட்டைக் காட்டி எந்தப் பயணியையும் ஏற்றிக்கொள்ள மறுக்கக்கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2008லேயே விதிமுறை வெளியிட்டிருந்தது. விதி காகிதத்தில் இருந்தது. முடிவெடுத்தவர்களோ கண்ணால் பார்த்ததை வைத்து முடிவெடுத்தார்கள்.

கோஷ் உச்ச நீதிமன்றம் போனார். அவரது வாயோரம் ரத்தமும் நுரையும் தெரிந்தன, மற்ற பயணிகளின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டியிருந்தது என்பது விமான நிறுவனத்தின் வாதம். அப்படியானால் ஒரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமே? அதைச் செய்யவில்லை. நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, ஆர்.கே. அகர்வால் 2016 மே 12ல் தீர்ப்பளித்தனர். 10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு. இரண்டு மாதத்துக்குள் தர வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கும் உரிமைகளும் ஆசைகளும் உண்டு, பிறரைச் சார்ந்து வாழ அவர்கள் விரும்புவதில்லை என்று சுட்டிக்காட்டிய தீர்ப்பு, மனித கண்ணியத்தையே அடிப்படையாக வைத்துப் பேசியது.

அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1995ம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றிருந்தது. புதிய சட்டத்தில் 21 வகைகள். பாரபட்சம் காட்டுவதற்குச் சட்டத்திலேயே தடை. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 5 லட்சம் வரையிலும் அபராதம்.

பிரச்னை தீர்ந்துவிட்டதா? 2022 மே மாதம் ராஞ்சியில், பெற்றோருடன் பயணம் செய்ய வந்த மாற்றுத் திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்தது இண்டிகோ. சிறுவன் பதற்றமாக இருந்தான் என்பது காரணம். பணியாளர்கள் நடந்துகொண்ட விதமே நிலைமையை மோசமாக்கியது என்று முடிவு செய்த இயக்குநரகம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. பயணியின் உடல்நிலை வழியில் மோசமாகலாம் என்று நினைத்தால், விமான நிலையத்தில் டாக்டர் நேரில் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். கோஷுக்கு மறுக்கப்பட்ட அந்தச் சின்ன நடைமுறை விதிப் புத்தகத்தில் ஏற பத்து ஆண்டுகள் ஆயின.

எல்லோராலும் உச்ச நீதிமன்றம் வரை போக முடியாது. அதற்காகத்தான் டெல்லியில் மாற்றுத் திறனாளிகளுக்கான தலைமை ஆணையரும், மாநிலங்களில் ஆணையர்களும் இருக்கிறார்கள். சிவில் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் அவர்களுக்கு உண்டு. பஸ்ஸிலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ யாராவது "இறங்கு" என்று சொன்னால், போய்ப் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது.